நாலு இன்ச் கேட்டேன்

மடிச்சிடாதீங்க தம்பி, அது எக்ஸ்ரே. இப்படிக் குடுங்க, நானே மடியில வச்சுக்கிறேன். உங்க பையைக் காலுக்குக் கீழ தள்ளிக்கங்க. போடிமெட்டுல இருந்து பஸ் கீழ இறங்கி முடிக்கிறதுக்குள்ள பதினேழு வளைவு இருக்கு, மேல வச்சதெல்லாம் நம்ம தலையிலதான் விழும்.

எனக்கு இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. என் மகன் தோள்பட்டை. பாக்குறீங்களா? ஜன்னல் பக்கமாப் பிடிங்க, வெளிச்சம் விழட்டும். இது தோள்பட்டை எலும்பு. அதை ஒட்டி வெள்ளையா ஒண்ணு தெரியுதுல்ல, சுண்டுவிரல் நகம் அளவுக்கு? அதுதான் குண்டு. நான் சுட்டது.

பயப்படாதீங்க, உக்காருங்க. பிள்ளை நல்லாத்தான் இருக்கான். குண்டை எடுத்தாச்சு, சோறு திங்கிறான், நடமாடுறான். நான் சொல்ல வந்தது அதைப் பத்தி இல்ல. அந்தக் குண்டோட மூக்கைப் பாருங்கங்கிறேன். நசுங்கியிருக்கா? விரிஞ்சிருக்கா? டப்பாவில இருந்து எடுத்த மாதிரி அப்படியே இருக்குல்ல? அதுதான் மோசடி. அதைக் காட்டத்தான் தேனிக்கு, கலெக்டராபீசுக்குப் போறேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. என் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாதுன்னு கேட்டுருக்காங்க. நான் பதிலுக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். ரத்து செய்றதா இருந்தா எனக்குத் துப்பாக்கி வித்தவன் லைசென்ஸை மொதல்ல ரத்து செய்யுங்கன்னு.

வித்தவன் யாருன்னு கேளுங்க. சிக்கந்தர் பாய். மதுரையில துப்பாக்கிக் கடை வச்சிருக்காரு. முப்பத்தொரு வருஷப் பழக்கம் தம்பி. பட்டாளத்துல ரெண்டு பேரும் ஒரே பட்டறை. நான் ஆர்மரர், துப்பாக்கி ரிப்பேர் பாக்கிறவன், பதினேழு வருஷம் அதே வேலை. அவரு ஸ்டோர். பதான்கோட்டுல எனக்கு டைபாய்டு வந்து கிடந்தப்ப பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊத்தினவரு. என்னை மாப்ளன்னுதான் கூப்பிடுவாரு, இன்னைக்கு வரைக்கும். இன்னைக்கு வரைக்கும்னா, போன மாசம் வரைக்கும்.

எனக்கு மேட்டுல நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். காயை உலர்த்துறதுக்கு ஒரு ஸ்டோர் கட்டி வச்சிருக்கேன், வீட்டுக்குப் பின்னால நூறு அடி தள்ளி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் பாக்கிறேன், ஸ்டோர் பூட்டு திரும்பித் தொங்குது. நான் பூட்டினா சாவித் துவாரம் செவுத்தைப் பாத்துத்தான் இருக்கும், பட்டாளப் பழக்கம். இது வெளியப் பாத்துக்கிட்டு இருக்கு. உள்ள போனா உலை சூடா இருக்கு. தரையில ஷூ தடம். மூட்டையை எண்ணினேன், ஒண்ணு குறையல. அடுத்த மாசம் பாத்தா மறுபடியும் அதே கதை. மூட்டை குறையல, தடம் இருக்கு. இன்னொரு தடவை ஒரு அட்டைப்பெட்டி கிடந்துச்சு, உள்ள கேக் துணுக்கு, ரோஸ் கலர் கிரீம். திருட வந்த பய உக்காந்து கேக் தின்னுட்டுப் போயிருக்கான். எவ்வளவு தெனாவட்டு பாருங்க!

பஞ்சவர்ணம், அதான் என் வீட்டுக்காரி, சொல்லுவா, "ஒண்ணும் காணாமப் போகல, அப்புறம் என்ன திருடன்? பூனை வந்துருக்கும்." ஷூ போட்ட பூனை! எனக்கு அதுதான் சந்தேகமே. எடுத்துட்டுப் போயிருந்தா சாதாரணத் திருடன். எடுக்காம வந்து வந்து போறான்னா நோட்டம் பாக்கிறான்னு அர்த்தம். அந்த வருஷம் காய்க்கு நல்ல வெலை. கீழ ஒரு ஸ்டோர்ல காவக்காரரைக் கட்டிப் போட்டு அடிச்சுட்டு மூட்டையெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. நான் லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். எக்ஸ் சர்வீஸ்மேன், கிடைச்சிருச்சு.

நேரா மதுரை. பாய் கடை. "பாய், ரிவால்வர் வேணும், நாலு இன்ச் பேரல்"னேன்.

"என்னத்துக்கு மாப்ள இந்த வயசுல?"

விவரம் சொன்னேன். மனுசன் டீ வரவழைச்சாரு. "நாலு இன்ச் இப்ப வரத்தே இல்ல. எழுதி வைக்கிறேன், வந்தா சொல்றேன்"னு என் கண்ணு முன்னால ஒரு சீட்டுல என் பேரை எழுதினாரு. வாரா வாரம் ஃபோன் பண்ணினேன். வரல மாப்ள, வரல மாப்ள. மூணு மாசம். கடைசியில, "இருக்கிறது குட்டை பேரல்தான், ரெண்டு இன்ச்சும் சொச்சமும். வேணும்னா எடுத்துக்க"ன்னாரு.

உங்களுக்கு இதுல என்ன வித்தியாசம்னு தோணும். சொல்றேன் கேளுங்க. தோட்டாவுக்குள்ள மருந்து இருக்குல்ல, அது தீப்பிடிச்சா காத்தா மாறிக் குண்டை நெட்டித் தள்ளும். பேரல்ங்கிற குழாய் இருக்கிற வரைக்கும்தான் தள்ளும். நின்னு போன ஜீப்பைத் தள்ளுறோம்ல, நாலு எட்டு வச்சுத் தள்ளினா வண்டி ஓடும், ரெண்டு எட்டுல கையை விட்டா? அதேதான். குட்டை பேரல்ல மருந்து முழுசா எரியறதுக்குள்ள குண்டு வெளிய வந்துரும், மிச்ச மருந்து வாய்க்கு வெளிய எரியும். சத்தம் பெருசா இருக்கும். தீ பெருசாத் தெரியும். குண்டுக்கு மட்டும் வேகம் இருக்காது. நான் இதைப் பாய்கிட்டயே சொன்னேன். "குட்டை பேரலை வச்சுக்கிட்டு நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?"னு கேட்டேன்.

அதுக்குத்தான் அவரு அந்தத் தோட்டாவை எடுத்து வச்சாரு. சின்ன டப்பா, பழைய சரக்கு. குண்டு மூக்குல குழி இருக்கும். "இது தற்காப்புக்குன்னே செஞ்சது மாப்ள. உடம்புல பட்டதும் விரிஞ்சுக்கும், உள்ளயே நின்னுரும், அந்தப் பக்கம் துளைச்சுக்கிட்டுப் போய் வேற ஆள் மேல படாது. குட்டை பேரலுக்குன்னே வந்த தோட்டா. நாலு இன்ச்சுல சாதா குண்டு என்ன செய்யுமோ அதை ரெண்டு இன்ச்சுல இது செய்யும்"னாரு.

குட்டை பேரலுக்குன்னே! பட்டாளத்துல நமக்கு இந்தக் குழிக்குண்டெல்லாம் கிடையாது தம்பி, எனக்குப் பழக்கமில்ல. துப்பாக்கியில என்னை ஏமாத்த முடியாது. தோட்டாவுல ஏமாத்திட்டாரு. கஞ்சி ஊத்தின கை, நம்பி வாங்கினேன். அது நீள பேரலுக்குச் செஞ்சதுன்னு அப்புறம்தானே தெரியுது. அந்த மூக்கு விரியறதுக்கு ஒரு வேகம் வேணும். அந்த வேகம் இல்லேன்னா துணி நூலு போய்க் குழியை அடைச்சுக்கும், அவ்வளவுதான்.

கம்பியைப் பிடிங்க, பெரிய வளைவு.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு தடம் கிடையாது, தெரியுமா? பூட்டு நான் மாட்டின மாதிரியே தொங்குது. நான் பஞ்சவர்ணத்துக்கிட்ட பெருமையாச் சொல்லுவேன், பாத்தியா, துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சதும் ஓடிட்டான்னு. அவ எந்திரிச்சு உள்ள போயிருவா.

அப்புறம் எலெக்‌ஷன் வந்துச்சு. தேதி சொன்னதும் லைசென்ஸ் வச்சிருக்கிறவன் எல்லாம் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். ஓட்டு எண்ணி ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் திருப்பித் தருவாங்க, அது ஊருக்கே தெரியும். நானும் ஒப்படைச்சேன். ஒப்படைச்சுட்டு எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு நாள் ஸ்டோருக்குப் போனா மறுபடியும் ஷூ தடம்! எப்படிங்கிறேன்? துப்பாக்கி இல்லேன்னு கரெக்டாத் தெரிஞ்சுக்கிட்டு வந்துருக்கான். வீட்டுக்குள்ள இருந்து யாரோ சொன்ன மாதிரி.

ஓட்டு எண்ணின மறுநாளே ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். ரைட்டரைப் போட்டு அரிச்சேன். மூணாம் நாள் சாயங்காலம் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். வீட்ல யாருக்கும் சொல்லல. தமுக்கு அடிச்சுக்கிட்டா சொல்லுவாங்க? சொல்லாம இருந்தாத்தானே பய மாட்டுவான்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மாசத்து மொத ஞாயிறு தேனியில எங்க எக்ஸ் சர்வீஸ்மேன் சங்கத்துக் கூட்டம். காலையில அஞ்சரைக்கு ஜீப்புல கிளம்பிருவேன். அன்னைக்கும் கிளம்பினேன், இடுப்புல அதை வச்சுக்கிட்டு, சங்கத்து ஆளுங்களுக்குக் காட்டலாம்னு. மூணு வளைவு இறங்கல, டயர் வெடிச்சுருச்சு. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. சரி போன்னு நடந்தே திரும்பிட்டேன்.

அப்படி ஒரு மஞ்சு அன்னைக்கு. பத்தடிக்கு மேல தெரியல. வீட்டுக்கு வர்ற வழியில பாத்தா ஸ்டோர் கதவு திறந்து கிடக்கு. உள்ள ஒருத்தன் குனிஞ்சு உலைக்கு விறகு தள்ளிக்கிட்டு இருக்கான். தலைக்கு மேல கம்பளி. முதுகுதான் தெரிஞ்சுது. நான் "யார்றா அது?"ன்னு கத்தினேன். சுட்டேன். சுட்டப்புறம்தான் கத்தினேன்னு பஞ்சவர்ணம் சொல்றா. அவ அடுப்படியில நின்னவ, அவளுக்கு என்ன தெரியும்?

தட்டோட ஓடி வந்தா. தட்டுல ஆறு தோசை. நான், "ஒருத்தனைப் போட்டுட்டேன், பக்கத்துல போகாத"ங்கிறேன். அவ என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடுறா. கீழ கிடந்தவன் திரும்பி, "அம்மா"ன்னான்.

லோகேந்திரன். என் மகன். ஒரே மகன்.

அவனைப் பத்தி நான் பேசுறதே கிடையாது. நாலு வருஷமா வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். ஆள் சேர்ப்புல ஓட்டத்துல பாஸ் ஆனவன், மெடிக்கல் அன்னைக்குச் சொல்லாமக் கொள்ளாம நழுவிட்டான். எனக்குப் பட்டாளம் வேணாம்பான்னு லெட்டர் வேற. இப்பக் கோயம்புத்தூர்ல பேக்கரியில வேலை. கேக்குல கிரீம் பூ வைக்கிறானாம். ஹவில்தார் சுருளிவேல் மகன் கேக்குக்குப் பூ வைக்கிறான். சங்கத்துல கேட்டா, மில்லுல சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருந்தேன்.

அவன்தான். ரெண்டு வருஷமா அவன்தான். நான் கூட்டத்துக்குப் போற ஞாயித்துக்கிழமையாப் பாத்து வருவானாம், ஸ்டோர்ல குளிர் காஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பானாம், இவ தோசை சுட்டுக் கொண்டுபோய்க் குடுப்பாளாம். நான் வர்றதுக்குள்ள கிளம்பிருவானாம். துப்பாக்கி வாங்கினதும் பயந்து வராதேன்னு சொல்லிட்டா. எலெக்‌ஷனுக்கு ஒப்படைச்சதும் வாப்பான்னு ஃபோன் போட்டுருக்கா. இன்னும் ஒரு வாரம் ஸ்டேஷன்லதான் இருக்கும்னு கணக்குப் போட்டுருக்கா. எனக்குச் சோறு போட்டுக்கிட்டே எனக்குத் தெரியாம ஒரு குடும்பம் நடந்திருக்கு தம்பி, நூறு அடி தள்ளி.

அன்னைக்கு அவனைப் பக்கத்து எஸ்டேட் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு என் துண்டால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போனேன். துண்டு முழுக்க நனைஞ்சுருச்சு. அவன் என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல, அவன் அம்மா மடியிலதான் தலை.

சரி, அதை விடுங்க. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா குண்டை எடுத்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க. "கம்பளி, ஜெர்கின், ஸ்வெட்டர், மூணையும் தாண்டி வந்துருக்கு. குண்டு மூக்குல ஸ்வெட்டர் நூல் அடைச்சிருக்கு. எலும்பை லேசாக் கீறி அங்கயே நின்னுருச்சு. பிள்ளை பிழைச்சது பெரிய விஷயம்"னாங்க. எல்லாரும் கும்பிட்டாங்க. நான் கேட்டேன், "டாக்டர், மூக்கு விரியவே இல்லையா?" "இல்லை"ன்னாங்க. "கொஞ்சம்கூடவா?" அந்தம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

போலீஸ் வந்துச்சு, துப்பாக்கியை எடுத்துக்கிச்சு. பய என்ன சொல்றான் தெரியுமா? அப்பா துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு, கை தவறி வெடிச்சிருச்சுன்னு. கை தவறியா? பதினேழு வருஷம் ஆர்மரர் தம்பி நான். "கை தவறல சார், குறி பாத்துத்தான் சுட்டேன்"னு இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன். பஞ்சவர்ணம் என் கையைக் கிள்ளுறா. இன்ஸ்பெக்டர், "பெரியவரே, கொஞ்ச நேரம் வெளிய போய் உக்காருங்க"ன்னுட்டு அவன் சொன்னதை எழுதிக்கிட்டாரு. நான் சொன்னதை ஒரு வரி எழுதல. ஊரே சேர்ந்து என்னைக் கை நடுங்கிக் கிழவனாக்கிருச்சு.

நாலு நாள் கழிச்சு மதுரைக்குப் போனேன். கடையில பாய் இல்ல, மத்தியான லுஹர் தொழுகைக்குப் போயிருந்தாரு. நான் அந்தக் கடைக்குப் புதுசா? உள்ள போய் உக்காந்தேன். பின்னால இரும்பு பீரோ, கண்ணாடிக் கதவு. பாத்தா நாலு இன்ச் பேரல் ரிவால்வர். கைப்பிடியில நூல் கட்டி ஒரு சீட்டு. சுருளிவேல், போடிமெட்டு. தேதி போட்டிருக்கு. எந்தத் தேதி? நான் குட்டை பேரல் வாங்குறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால!

பாய் வந்தாரு. நான் பீரோவைக் காட்டினேன். மனுசன் அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு.

"தங்கச்சி ஃபோன் பண்ணுச்சு மாப்ள"ங்கிறாரு. பஞ்சவர்ணத்தை அவரு தங்கச்சின்னுதான் சொல்லுவாரு. "வர்றது திருடன் இல்ல, நம்ம பிள்ளைதான், அவருக்குத் தெரியக் கூடாதுன்னு அழுதுச்சு. சத்தியம் வாங்கிருச்சு. நான் என்ன செய்யட்டும்? இல்லேன்னா நீ வேற கடைக்குப் போவ. அதான் இருக்கிறதுலயே வலு கம்மியானதாப் பாத்து எடுத்தேன். குட்டை பேரலு, அதுக்குச் சேராத தோட்டா. அதைக் குடுத்துட்டும் ஒரு நாள் நான் நிம்மதியாத் தூங்கல."

"அப்ப என்னைப் பத்தி என்னதான் நினைச்சீங்க பாய்?"னேன். "யாரு என்னன்னு பாக்காமச் சுடுறவன்னா?"

பாய் துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு. அழுதாருன்னு நினைக்கிறேன். அழட்டும். முப்பத்தொரு வருஷம் தம்பி! ஒரு வார்த்தை, "சுருளி, அது உன் மகன்டா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதை விட்டுட்டு, என் கையில நல்ல துப்பாக்கி குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாரு. எனக்கு அதுதான் ஆறல. என் பொண்டாட்டி, என் மகன், என் கூட்டாளி, மூணு பேரும் சேர்ந்து என்னை ஒரு ஆபத்துன்னு எழுதி வச்சிருக்காங்க, எனக்கு மட்டும் சொல்லல.

வக்கீல்கிட்ட மனு எழுதப் போனா அவரும், "ஐயா, நாலு இன்ச்சா இருந்திருந்தா உங்க பையன்..."னு ஆரம்பிக்கிறாரு. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பஞ்சவர்ணம் மதுரைக்கு ஆள் விட்டுப் பாய் வீட்டுக்கு ரெண்டு கிலோ ஏலக்காய் குடுத்து அனுப்பியிருக்கா, என் தோட்டத்துக் காய்! இருந்திருந்தா, இருந்திருந்தா! நான் கேக்கிறது அது இல்ல. வந்தவன் நெசமான திருடனா இருந்திருந்தா? கையில அருவா இருந்திருந்தா? அப்ப இந்தக் குட்டை பேரல் என்னைக் காப்பாத்தியிருக்குமா? சொல்லுங்க.

சரி, தேனி வர இன்னும் நேரம் இருக்கு.

மனுவைப் பத்தி நேத்துத்தான் வீட்ல சொன்னேன். பஞ்சவர்ணம், "துப்பாக்கியை மறுபடியும் வாங்கவா போறீங்க?"ன்னு கேட்டா. ஆமான்னேன். பய இப்ப வீட்லதான் இருக்கான், கட்டுப் பிரிக்கிற வரைக்கும். நானே படி ஏறச் சொல்லிட்டேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல. காலையில எனக்கு டீ அவன்தான் கொண்டு வர்றான், இடது கையில. நான் சொல்லல, அவனாத்தான் கொண்டு வர்றான்.

ஆனா ரூம் வாசல்லயே நின்னுக்கிறான். "அப்பா, நான்தான்"ங்கிறான். பட்டப்பகல் தம்பி. மூஞ்சி தெரியுது, கையில டம்ளர் தெரியுது. "தெரியுதுடா, உள்ள வா"ங்கிறேன். மறுபடியும், "நான்தாம்ப்பா, லோகு"ங்கிறான். எங்கிட்ட ஒண்ணும் இல்லடா, அது ஸ்டேஷன்ல இருக்குன்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறான். போர்வையையே பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் ரெண்டு கையையும் வெளிய எடுத்து விரிச்சுக் காட்டினப்புறம்தான் உள்ள கால் வைக்கிறான். டீ அதுக்குள்ள ஆறிப் போயிருது.